டெலிவரி டிரைவர்களுக்குப் பாதுகாப்புக் கமிட்டியாம், பெயர் கேட்கிறார்கள். சேரலாமா?

வடசேரிக்காரன்

மக்களே, ஒரு யோசனை வேண்டும். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு பார்சல் ஹப்பில் குட்டியானை ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், வேலை போய்விடும். வேன்காரர்கள், பைக்கில் போகிற பையன்கள், உள்ளே பார்சல் பிரிக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் வருவோம். இதில் கம்பெனியின் நேரடி ஆட்கள் நாலைந்து பேர்தான். நாங்கள் கான்ட்ராக்டர் ஆட்கள். பைக் பையன்களுக்குச் சம்பளமே கிடையாது, பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு.

இப்போது நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பாதுகாப்புக் கமிட்டி அமைக்கிறோம், ஓட்டுநர் தரப்பில் இரண்டு பெயர் சனிக்கிழமைக்குள் கொடுங்கள் என்று. பையன்கள் என் பெயரைச் சொல்கிறார்கள். மேனேஜரிடம் என்ன பேசலாம் என்று கேட்டேன், ஹெல்மெட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் பேசலாம், டார்கெட்டும் இன்சென்டிவும் பாதுகாப்பு விஷயம் இல்லை, அதை இங்கே கொண்டுவராதே என்றார். அதைக் கேட்டதும் பாதி ஆசை போய்விட்டது.

சட்டத்தில் இப்படி ஒன்று உண்டா, போனால் என்ன கேட்க வேண்டும், நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் "நீ கமிட்டியில் இருந்தாயே" என்று என் தலையில் கட்டுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாரம் பையன்

டீ, வடை, ஒரு குரூப் போட்டோ. போய்விட்டு வா அண்ணே.

குழித்துறைப் பாலம்

சட்டத்தில் உண்டு. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 22ஆம் பிரிவு. மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு சேர்த்து 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தையோ ஒரு வகை நிறுவனங்களையோ பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் எண்ணிக்கை முதலாளி தரப்பை விடக் குறையக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கவனிக்கவும், "உத்தரவிடலாம்". உத்தரவு இல்லாவிட்டால் கட்டாயம் இல்லை. உங்கள் ஹப்பில் எதற்கு அமைக்கிறார்கள் என்று தெரியாது, மேலே இருக்கிற பெரிய வாடிக்கையாளர் கம்பெனி ஆடிட்டுக்குக் கேட்டிருக்கலாம். எதற்காக அமைத்தாலும் சரி, வாசல் திறந்தால் உள்ளே போய்விட வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. போபால் விஷவாயு 1984இல். அதற்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான தொழிற்சாலைகளில் தொழிலாளர், நிர்வாகம் இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் குழு வேண்டும் என்று 41ஜி பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டங்கள் எல்லாம் சுவருக்குள் நடக்கிற வேலையை நினைத்து எழுதியவை. உங்கள் வேலையிடம் பார்வதிபுரத்திலிருந்து களியக்காவிளை வரை நீளுகிறது.

உங்கள் தலையில் கட்டுவார்களா என்ற கேள்விக்கு: 6ஆம் பிரிவு வேலையிடத்தை ஆபத்து இல்லாமல் வைத்திருக்கும் கடமையை முதலாளி மேல்தான் வைக்கிறது, கமிட்டியில் உட்கார்ந்ததால் அது உங்கள் தோளுக்கு மாறாது. 14ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் முதலாளியிடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம். ஒன்றே ஒன்று, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத மினிட்ஸ் தாளில் முதலிலேயே கையெழுத்து வாங்கி வைக்கிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது.

செட்டிகுளம் ரைடர்

அண்ணன்மாருக்கு ஹப் இருக்கிறது, போர்டு இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு மேனேஜராவது இருக்கிறார். நாங்கள் சாப்பாடு கொண்டு போகிறவர்கள். எங்கள் ஆபீஸ் செட்டிகுளம் ஜங்ஷனில் ஒரு ஓட்டல் வாசல். டீம் லீடர் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் இருக்கிறார், நேரில் பார்த்தவர்கள் குறைவு. போன மழையில் ஒரு பையன் வெட்டூர்ணிமடத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது விழுந்தான், கையில் ஆர்டர் இல்லை, இன்சூரன்ஸ் வராது என்றார்கள். எங்களுக்கு யார் கமிட்டி வைப்பார்கள்?

குழித்துறைப் பாலம்

@செட்டிகுளம் ரைடர் உங்கள் விஷயம்தான் சிக்கல். அந்த மற்ற மூன்றில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கிக் தொழிலாளியை, அதாவது உங்களைப் போல ஆர்டர் கணக்கில் வேலை செய்கிறவரை, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்காக கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது விழுந்த பிறகு வருகிற பணம். விழாமல் இருக்க என்ன செய்வது என்று பேசும் பாதுகாப்புத் தொகுப்பு உங்களைத் தெளிவாக உள்ளே இழுக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2023இல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியம் அமைத்தார்கள். பதிவு செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், மற்ற அண்ணன்களையும் செய்ய வையுங்கள். கர்நாடகத்தில் 2025இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, ஆப்பில் உங்கள் ஐடியை நிறுத்துவதென்றால் காரணம் எழுதி 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஐடி போய்விடும் என்று பயப்படுகிறவன் பிரேக் சரியில்லாத பைக்கோடுதான் ரோட்டில் இறங்குவான்.

கோட்டார் கடைக்காரர்

எல்லாம் சரி தம்பிகளா, ஒரு விஷயம் சொன்னால் கோபப்படக் கூடாது. வேப்பமூட்டில் ஒன்வேயில் எதிரே வருவது யார்? ஒரு கையில் போன், காதுக்கும் தோளுக்கும் நடுவில் இன்னொரு போன். என் கடை வாசலில் ஒரு பாட்டியை இடித்துவிட்டு நிற்காமல் போனான் ஒருத்தன், முதுகில் பெரிய பை. கமிட்டி வைத்து முதலில் உங்கள் ஆட்களுக்குப் புத்தி சொல்லுங்கள்.

கொட்டாரம் பையன்

அண்ணாச்சி நேற்று ராத்திரி பிரியாணி சொல்லிவிட்டு மூன்று தடவை போன் போட்டாரா இல்லையா என்று கேளுங்கள்.

கோட்டார் கடைக்காரர்

நான் ராத்திரி கஞ்சிதான் குடிப்பேன்.

ராணித்தோட்டம் ஓய்வு

அண்ணாச்சி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பாட்டியை இடித்தவன் நிற்காமல் போனது தப்பு, அதற்கு எந்தக் கமிட்டியும் வக்காலத்து வாங்கக் கூடாது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று எங்களுக்கு இருந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட விடக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு. இதெல்லாம் டிரைவர் நல்லவனாக இருக்கட்டும் என்று எழுதியது இல்லை. களைத்தவன் கண் ரோட்டில் நிற்காது, அவன் நல்லவனானாலும் கெட்டவனானாலும். அந்தச் சட்டத்தையும் இப்போது புதிய தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள்.

பஸ்ஸில் ரன்னிங் டைம் என்று ஒன்று உண்டு. மார்த்தாண்டத்துக்கு இவ்வளவு நிமிடம், களியக்காவிளைக்கு இவ்வளவு என்று. அதை இறுக்கினால் டிரைவர் விரட்டுவான், தளர்த்தினால் நிதானமாக வருவான். அதனால்தான் யூனியன்காரர்கள் டைம் ஷீட்டுக்காகச் சண்டை போட்டார்கள். உங்கள் மேனேஜர் டார்கெட் பாதுகாப்பு விஷயம் இல்லை என்கிறார். தம்பி வடசேரி, அது ஒன்றுதான் பாதுகாப்பு விஷயம். ஹெல்மெட் விழுந்தவன் மண்டையைக் காப்பாற்றும். விழ வைக்கிறது அந்த ரன் ஷீட், எத்தனை மணிக்குள் எத்தனை பார்சல் என்கிற அந்தத் தாள். பையன்கள் ஒன்வேயில் ஏன் வருகிறார்கள் என்பதற்கும் பதில் அதில் இருக்கிறது அண்ணாச்சி. பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், ரோட்டில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அவன் சட்டைப் பையிலிருந்து போகிறது.

பிராம்ப்டன் நாஞ்சிலான்

கனடாவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் இரணியல். இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு கிடங்கிலிருந்து டெலிவரி வேன் ஓட்டுகிறேன். 20 பேரோ அதற்கு மேலோ வழக்கமாக வேலை செய்கிற இடமென்றால் கூட்டுப் பாதுகாப்புக் குழு கட்டாயம், பாதிப் பேராவது தொழிலாளர்களாக, தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், வேலையிடத்தைப் பொதுவாக மாதம் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு.

இங்கும் கமிட்டி என்றால் பீட்சா தின்கிற கூட்டம் என்று கிண்டல் செய்வார்கள், அது வேறு. ஆனால் ஒரு விதிக்குப் பல் இருக்கிறது. குழு எழுத்தில் ஒரு பரிந்துரை கொடுத்தால் முதலாளி 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒத்துக்கொண்டால் எப்போது செய்வேன் என்று தேதி, மறுத்தால் ஏன் என்று காரணம். வாயால் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிற மேனேஜர், தாளில் "இந்த வேனின் பிரேக்கை மாற்ற மாட்டேன்" என்று எழுதத் தயங்குவார். பெரும்பாலும் மாற்றிவிடுவார்.

வடசேரி அண்ணே, உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் முதல் கூட்டத்திலேயே இதை ஒரு நடைமுறையாகக் கேட்டு வையுங்கள். டார்கெட் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். "ஒரு வேனில் எவ்வளவு லோடு, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறது" என்று கேளுங்கள். லோடும் நேரமும் பாதுகாப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தோவாளைப் பூ

நான் ஸ்கூட்டியில் பார்சல் போடுகிறேன், ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் பக்கம். எல்லாரும் நேரம், லோடு என்கிறீர்கள், யாரும் கழிவறை என்று சொல்லவில்லை. காலையில் ஹப்பில் போனால் அப்புறம் வீட்டுக்கு வந்துதான். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வெயிலில் சுற்றுகிறேன், அதனால் வந்த தொந்தரவுக்கு ஆஸ்பத்திரி போய் வந்தேன். இது விபத்துக் கணக்கில் வராது, ஆனால் வேலையால் வந்ததுதான். ஹப் வேலை கொடுக்கிற ஏரியாவில் இரண்டு மூன்று இடத்தில், ஒரு பெட்ரோல் பங்கோ பெரிய கடையோ, பேசி வைத்துத் தந்தால் போதும்.

அடுத்து காற்று. ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தல் பக்கம் வந்து பாருங்கள். பின்னால் பெரிய பையோடு போனால் பாய் விரித்த வள்ளம் மாதிரி வண்டி தானாக ஒதுங்குகிறது, பக்கத்தில் டாரஸ் லாரி வந்தால் உயிர் கையில் இல்லை. சென்னையில் உட்கார்ந்து இந்தப் பையை வடிவமைத்தவருக்கு முப்பந்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த மாதங்களில் எங்கள் ரூட்டுக்குச் சின்னப் பை, குறைந்த பார்சல், பெரிய பெட்டியெல்லாம் வேனில், இதை ஒரு கமிட்டிதான் சொல்ல முடியும்.

மூன்றாவது, கதவைத் திறக்கிற ஆள். ஒரு வீட்டில் குடித்துவிட்டு நின்றான், உள்ளே வந்து வைத்துவிட்டுப் போ என்றான். நான் வாசலில் வைத்துவிட்டு வந்தேன், "கஸ்டமரிடம் நேரில் கொடுக்கவில்லை" என்று எனக்குப் பணம் பிடித்தார்கள். அந்த முகவரிக்கு நான் போகமாட்டேன் என்று சொல்ல ஒரு பட்டன் கிடையாது.

குழித்துறைப் பாலம்

அக்கா, கடைசி விஷயத்துக்கு வேறொரு சட்டமே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வேலை நிமித்தமாகப் போகிற இடமும் பணியிடம்தான். 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், இல்லாத சின்ன இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. பாதுகாப்புக் கமிட்டி அமைக்கிற ஹப்பில் அந்தக் குழு இருக்கிறதா, யார் தலைவர் என்று வடசேரி அண்ணன் முதல் கூட்டத்திலேயே கேட்கலாம்.

சிலிண்டர் தோள்

நான் கேஸ் ஏஜென்சி. எங்களையும் டெலிவரி என்று சேர்ப்பீர்களா தெரியவில்லை, ஆப் வருவதற்கு முன்னாலிருந்தே நாங்கள் இருக்கிறோம். கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் வீடு ரோட்டிலிருந்து மேலே ஏறி, ரப்பர் தோட்டத்துக்குள் படி படியாகப் போகும். மழையில் பாசி பிடித்த படி. ஒரு தோளிலேயே வைத்து வைத்து இடுப்பு போன ஆள் எங்களில் பாதி. யாரும் விபத்து என்று எழுதுவதில்லை, ஏனென்றால் ஒரு நாளில் நடக்கவில்லை. ஹெல்மெட்காரர்களே, இடுப்பையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாய் வேறு. கடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான், ஆனால் 0, 3, 7, 28 என்று நாலு தடவை போய் நிற்க வேண்டும், அந்த நாலு அரை நாளுக்கு யார் கூலி தருவது?

செட்டிகுளம் ரைடர்

மழை பற்றி நான் ஒன்று சொல்லட்டும். இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் வந்ததை யாரும் மறக்கவில்லை. ரெட் அலர்ட் என்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு, மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. எங்களுக்கு மட்டும் அன்று "மழை இன்சென்டிவ்", ஆர்டருக்குக் கூடுதல் காசு. ஆபத்து கூடக் கூடக் கூலி கூடுகிறது, போகாதே என்று ஒருவரும் சொல்வதில்லை. வாடகை கட்ட வேண்டியவன் போகத்தான் செய்வான், நானும் போயிருக்கிறேன்.

பிராம்ப்டன் நாஞ்சிலான்

ஆஸ்திரேலியாவில் 2020 கடைசியில் சில மாதத்துக்குள் ஐந்து உணவு டெலிவரி ரைடர்கள் இறந்தார்கள். அதன் பிறகு சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாகாணம், ரைடர் தொழிலாளியா ஒப்பந்தக்காரரா என்ற வழக்கு தீரக் காத்திருக்காமல், பாதுகாப்பு உபகரணமும் பயிற்சியும் கம்பெனியே தர வேண்டும் என்று 2022இல் தனி விதி போட்டது. "நீ என் ஆள் இல்லை" என்ற சாக்கு அங்கே அந்த விஷயத்தில் செல்லவில்லை. ஆனால் அதுவும் ஜாக்கெட், பயிற்சியோடு நின்றது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ஓய்வு பஸ் அண்ணாச்சி சொன்ன நேர விஷயம் அங்கும் மிச்சம்தான்.

ராணித்தோட்டம் ஓய்வு

ரெட் அலர்ட் நல்ல பிடி தம்பி. மேனேஜரும் டிரைவரும் "மழை பலமா, லேசா" என்று வாக்குவாதம் பண்ண வேண்டாம். வானிலை மையம் சிவப்பு என்று சொன்னால் பைக் இறங்காது, அன்று வராததற்கு ரேட்டிங் குறையாது. இதை ஒரு வரியில் எழுதி வாங்கலாம்.

இன்னொன்று, கமிட்டி ஹப்புக்குள்ளேயே இருந்தால் ரோட்டில் என்ன செய்ய முடியும் என்று சிலர் நினைக்கலாம். நான்குவழிச் சாலை வேலை நடக்கும் இடங்களில் மண்ணைக் கொட்டி, விளக்கோ பலகையோ இல்லாமல் பாதையைத் திருப்பிவிடுவார்கள். அதை உங்கள் மேனேஜர் சரி செய்ய முடியாது. ஆனால் கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, ஆர்டிஓ எல்லாம் அதில் வருவார்கள். நாள் முழுக்க அந்த ரோட்டிலேயே கிடக்கிற டெலிவரிக்காரன் அங்கே கிடையாது. ஹப் கமிட்டியின் பெயரில் ஒரு கடிதம், போட்டோ, இடம், நேரம் எழுதித் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ரசீது கிடைக்கும். செட்டிகுளம் தம்பி, இதற்கு உங்களுக்கு ஹப் தேவையில்லை. ஓட்டல் வாசலில் நிற்கிற பத்துப் பேர் சேர்ந்து ஒரு நோட்டு போடுங்கள். விழுந்தது மட்டும் வேண்டாம், மயிரிழையில் தப்பியதையும் எழுதுங்கள். ஒரே திருப்பத்தில் நாலு பேர் தப்பியிருந்தால் ஐந்தாவது ஆள் விழுவான் என்பது எங்கள் டிப்போவில் எல்லாருக்கும் தெரியும்.

கோட்டார் கடைக்காரர்

அந்த நோட்டை என் கடையில் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி பதினொன்று வரை திறந்திருக்கும். நோட்டு எழுத வருகிறவன் ஒன்வேயில் வரக் கூடாது, அது ஒன்றுதான் கண்டிஷன்.

கொட்டாரம் பையன்

அண்ணாச்சி கட்சி மாறிவிட்டார்.

குழித்துறைப் பாலம்

விபத்து என்றால் இதையும் எல்லார் போனிலும் போட்டு வையுங்கள்: 108 கூப்பிடுங்கள், அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. 2021இலிருந்து இருக்கிறது, ஆனாலும் பாதிப் பேர் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா தனியாருக்குப் போவதா என்று ரோட்டிலேயே நேரத்தை விடுகிறார்கள். உங்கள் ரூட்டில் எந்தெந்த ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று ஹப் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டியை விட அது உபயோகம்.

வடசேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. இன்று மேனேஜரிடம் பேசினேன். இரண்டு பெயரில் ஒன்று நான். நிர்வாகத் தரப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன், ஐந்து என்றார். குழித்துறை அண்ணன் சொன்ன 22ஆம் பிரிவை எடுத்துக் காட்டினேன். உத்தரவு ஒன்றும் வரவில்லையே, இது நாங்களாக வைப்பது என்றார். சரி சார், நீங்களாக வைப்பதாகவே இருக்கட்டும், இந்தச் சட்டத்தின் பெயரைத்தானே நோட்டீசில் மேலே அடித்திருக்கிறீர்கள் என்றேன். யோசித்துவிட்டு நாலுக்கு நாலு என்று ஒத்துக்கொண்டார். பைக் பையன்களுக்கு ஒரு இடம், உள்ளே பார்சல் பிரிக்கிறவர்களுக்கு ஒரு இடம்.

எழுத்தில் பதில் தருவது பற்றி "ஹெட் ஆபீசைக் கேட்க வேண்டும்" என்றார். அந்த வார்த்தையையே மெயிலில் அனுப்புங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் வரவில்லை. லோடு, நேரம் பற்றி இப்போதைக்கு வாய் திறக்கவில்லை, முதல் கூட்டத்தில் வேன்களின் ஒரு மாத ரன் ஷீட்டைக் கொண்டுவரச் சொல்லப் போகிறேன், பார்க்கலாம்.

ஓட்டுநர் தரப்பில் இன்னும் ஒரு இடம் காலி. தோவாளை அக்கா, நீங்கள் எங்கள் ஹப்தான் என்று நினைக்கிறேன், காற்றுக்குப் பெரிய பை பற்றி எழுதியதை வைத்துச் சொல்கிறேன். வருகிறீர்களா?

தோவாளைப் பூ

எந்த ஹப் என்று இங்கே எழுத வைக்காதீர்கள் தம்பி. வருகிறேன். திங்கள்கிழமை மட்டும் கூட்டம் வைக்கச் சொல்லாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் எல்லாம் அன்றுதான் குவிந்து கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் வேண்டாம், எனக்குக் கடைசி பஸ் இல்லை, ஸ்கூட்டிதான், அந்த ரோட்டில் லைட் கிடையாது.

வடசேரிக்காரன்

புதன் மதியம் கேட்கிறேன் அக்கா. கூட்டத்துக்கு வருகிற நேரத்துக்குப் பார்சல் கணக்கில் கூலி எப்படிப் போடுவார்கள் என்பதையும் சேர்த்து.